பூசைத் தட்டில் டெய்சி

கலிபோர்னியாவின் சான்டா ரோசாவில் லூதர் பர்பாங்க் என்னும் தாவர வளர்ப்பாளர் பல நாட்டு டெய்சி இனங்களை ஆண்டுக்கணக்கில் கலந்து 1901இல் வெளியிட்ட 'சாஸ்தா டெய்சி' வீட்டுத் தோட்டங்களில் எளிதாகப் பூப்பதால், மனிதன் கலந்து உருவாக்கிய பூ இறைவனுக்கு ஆகுமா என்ற வினா அங்குள்ள தமிழர் பூசையறையில் எழக்கூடியதே. பூசைக்குரிய மலர்களை வகுத்துரைக்கும் சைவ நூலான கமலை ஞானப்பிரகாசரின் 'புட்பவிதி' காலத்தால் முந்தியதாதலின் இப்பூவை அறிந்திருக்க வழியில்லை. கீதையின் ஒன்பதாம் அத்தியாயமோ மலரின் பெயரைச் சுட்டாது பக்தியையே அளவாகக் கொள்கிறது. பூவை உருவாக்கியவரின் நம்பிக்கையின்மையும் தடையாகாது: தன்னைச் சமய நம்பிக்கையற்றவர் என 1926இல் அறிவித்துக்கொண்ட பர்பாங்குக்குத்தான் பரமஹம்ச யோகானந்தர் தம் 'ஒரு யோகியின் சுயசரித'த்தைக் காணிக்கையாக்கினார். நடுவே மஞ்சள் குறும்பூக்களும் விளிம்பில் இதழ்போன்ற வெண்பூக்களும் செறிந்த டெய்சி, தனிப்பூவன்று, மஞ்சரி, அதாவது பூத்தொகுதி. நம் கோயில்களுக்குக் கூடைகூடையாகச் செல்லும் சாமந்தியும் டெய்சியின் தாவரக் குடும்பத்தையே சேர்ந்தது, அதுவும் மனிதர் கலந்து வளர்த்ததே. ஆகவே டெய்சியை விலக்கக் காரணம் இல்லை.