பூவில் விற்கும் மாமரம்

புத்தளம், கல்பிட்டிக் கரையோர முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாபிஈ மத்ஹப் என்ற இஸ்லாமியச் சட்டப்பள்ளியைப் பின்பற்றுகிறவர்கள். காய் எப்போது முற்றியது என்பது அவர்களுக்குத் தோட்டக் கேள்வியும்தான், மார்க்கக் கேள்வியும்தான். மரத்திலுள்ள கனியின் தகுதி வெளிப்படும்வரை அதை விற்கக்கூடாதென நபியவர்கள் (ஸல்) தடுத்த செய்தி புகாரி ஹதீஸ் தொகுப்பில் பல வழிகளில் வருகிறது. தகுதிக்கு அங்கே சொல்லப்படும் அடையாளம் பேரீச்சை சிவப்பதும் மஞ்சளாவதும். அந்தப் பருவத்தில் பல இனங்கள் இன்னும் துவர்க்கும். ஆக, நாவுக்கு உகந்த வேளையைச் சட்டம் தேடவில்லை. விற்பவர், வாங்குபவர் இருவர் கண்ணுக்கும் ஒன்றுபோல் தெரியும் சாட்சியைத் தேடியது என்பதே என் வாதம். நபித்தோழர் ஸைத் இப்னு ஸாபித் தரும் பின்னணியும் இதற்கே வலுவூட்டுகிறது: மதீனாவில் முன்கூட்டியே வாங்கியவர்கள் பின்னர் நோய் விழுந்தது, உதிர்ந்தது என்று வழக்குக் கொண்டுவருவது பெருகியபோதுதான் அந்த அறிவுரை வந்ததாம். அவரோ கார்த்திகை விண்மீன்கள் விடியலில் எழும்வரை தம் தோட்டத்துப் பழத்தை விற்கமாட்டார். வானம் யாருக்கும் சார்பாகச் சாட்சி சொல்லாது.

மாங்காய்க்கு இந்த அளவுகோல் எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். கறுத்தக்கொழும்பான் என்ற மா இனம் முற்றிய பிறகும் பச்சையாகவே தொங்கும். மரத்திலேயே பழுக்கவிட்டால் வௌவாலுக்கும் பழ ஈக்கும்தான் விருந்து. அதனால் முற்றல் காயாகப் பறித்து வீட்டில் பழுக்கவைக்கிறார்கள். காம்படியில் தோள் உயர்ந்திருக்கிறதா, கன்னம் திரண்டிருக்கிறதா, தண்ணீரில் போட்டால் அமிழ்கிறதா என்று பார்ப்பார்கள். ஒன்றை வெட்டினால் கொட்டையை ஒட்டிய சதை மஞ்சளாகத் தொடங்கியிருக்கும். நிறம் மாறாதவற்றுக்கு வேறு அடையாளங்களைச் சட்ட அறிஞர்களும் ஏற்றார்கள். ஒரு தோட்டத்தில் ஓர் இனத்தின் ஒரு கனி தகுதி அடைந்தாலே அந்த இனம் முழுவதையும் விற்கலாம் என்பது ஷாபிஈ நிலை. வெட்டிப் பார்த்த அந்த ஒரு மாங்காய் இரண்டு கேள்விக்கும் விடை சொல்லிவிடுகிறது. கார்பைட் வைத்துப் பிஞ்சுக்கு மஞ்சள் ஏற்றுவது இதனால்தான் உடல்நலக் கேடு என்பதோடு முடிவதில்லை, அது பொய்ச்சாட்சி.

கடினமான ஆட்சேபம் பணத்தைப் பற்றியது. பூவைப் பார்த்தே மரத்தை விலை பேசும் வியாபாரி, கையில் காசில்லாத காலத்தில் காசு தருகிறார்; நட்டத்துக்கும் சம்மதிக்கிறார். பிறகென்ன குற்றம்? இறைவன் கனியைத் தடுத்துவிட்டால் எதற்கு ஈடாகச் சகோதரனின் பணத்தை எடுப்பாய் என்ற கேள்வி அந்த ஹதீஸிலேயே இருக்கிறது. சம்மதம் அதற்குப் பதிலாகாது. ஊறுகாய்க்கு உடனே பறிக்கும் நிபந்தனையில் பிஞ்சை விற்க ஷாபிஈ சட்டமே இடம் தருகிறது, ஏனெனில் அங்கே பொருள் கண்முன் இருக்கிறது. அவசரத் தேவைக்குக் கடன் வாங்கலாம். ஆனால் கடனைக் காட்டி வியாபாரி பின்னர் விலையைக் குறைத்தால் அது வட்டியின் வாசல். ஒன்றில் மட்டும் எனக்கு மாலிக்கி மத்ஹப்தான் நியாயமாகப் படுகிறது. தகுதி வெளிப்பட்டு மரத்தை ஒப்படைத்தபின் வரும் இழப்பு வாங்கியவருடையது என்பது ஷாபிஈ மத்ஹபின் பிந்திய கருத்து. மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இயற்கையால் அழிந்தால் விலையில் கழிக்கச் சொல்கிறார் இமாம் மாலிக். இந்தக் கரையில் மா முற்றும் வைகாசி, ஆனியில்தான் தென்மேற்குக் காற்றும் ஓயாமல் வீசுகிறது.