கறிவேப்பிலை

ஒரு கேள்வி. அவசரப்படாமல் யோசித்துப் பதில் சொல்லுங்கள்.

உங்களிடம் ஒரு கம்பெனி இருக்கிறது. அதில் ஒருத்தர் பதினாலு வருஷமாக உழைத்திருக்கிறார். சீந்துவாரற்றுக் கிடந்த கம்பெனியை ஊரே திரும்பிப் பார்க்க வைத்தவர் அவர்தான். இப்போது அவருக்கு உடம்பு சரியில்லை. ஒரு வருஷமாக வேலைக்கு வரவில்லை. இனிமேல் பழையபடி வேலை செய்வாரா என்றால், டாக்டர்களாலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. அதே நேரம் வாசலில் இருபத்திரண்டு வயசுப் பையன் ஒருவன் நிற்கிறான். இவனை மாதிரி ஒருத்தன் கிடைப்பது அபூர்வம் என்கிறார்கள். இரண்டு பேரையும் வைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகாது. பெரியவரை வைத்துக்கொள்வதென்றால் நாளைக்குள் 2 கோடியே 80 லட்சம் டாலர் எடுத்து வைக்க வேண்டும். இல்லையென்றால் இன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பிவிட வேண்டும்.

என்ன செய்வீர்கள்?

டாலர் கணக்கைப் பார்த்ததுமே இது நிஜம் என்று ஊகித்திருப்பீர்கள். 2012 மார்ச் 7-ம் தேதி இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர் ஜிம் இர்சே. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் என்ற ஃபுட்பால் அணியின் முதலாளி. ஃபுட்பால் என்றால் நம்மூரில் காலால் உதைக்கிறோமே, அது இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்து, பிடித்து, ஆளை ஆள் இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஆட்டம். அதில் குவார்ட்டர்பேக் என்று ஒருவர் உண்டு. பந்தை யாருக்கு எறிவது என்று சில விநாடிகளில் முடிவெடுக்கிறவர். அவர் சரியாக இருந்தால் பாதி அணி சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

கோல்ட்ஸ் அணிக்கு அப்படி அமைந்தவர் பெய்ட்டன் மேனிங். 1997-ல் 16 ஆட்டத்தில் 3 மட்டுமே ஜெயித்த அணி அது. 1998-ல் மேனிங் வந்தார். 2007 பிப்ரவரியில் சூப்பர் பௌல் கோப்பையே வீட்டுக்கு வந்தது. அப்புறம் கழுத்தில் கோளாறு. ஆபரேஷன் மேல் ஆபரேஷன். 2011 சீசன் முழுக்க அவர் ஆடவில்லை. அவர் இல்லாத அணி 14 ஆட்டத்தில் தோற்று, இரண்டே இரண்டில்தான் ஜெயித்தது.

இங்கேதான் விதி விளையாடுகிறது. அந்த லீக்கில் யார் கடைசியில் வருகிறார்களோ, அவர்களுக்குத்தான் கல்லூரியிலிருந்து வரும் புது ஆட்டக்காரர்களில் முதல் ஆளைப் பொறுக்குகிற உரிமை. ஆக, மேனிங் இல்லாததால் அணி தோற்றது. தோற்றதால் ஆண்ட்ரூ லக் என்ற இளைஞன் கிடைத்தான். அவன் கிடைத்ததால் மேனிங் தேவையில்லாமல் போனார். தான் எவ்வளவு முக்கியம் என்பதை, இல்லாமல் இருந்தே நிரூபித்த ஒரு மனிதருக்கு, அந்த நிரூபணமே வினையாக முடிந்தது.

இர்சே அவரை அனுப்பிவிட்டார். பணம் கொடுக்க வேண்டிய கெடுவுக்கு முதல் நாள்.

'கறிவேப்பிலை மாதிரி பயன்படுத்திவிட்டுத் தூக்கி எறிந்துவிட்டான்' என்றுதான் நமக்கு முதலில் தோன்றும். தப்பில்லை. ஆனாலும் முதலாளி பக்கத்தையும் கொஞ்சம் கேட்போம். ஓர் அணி ஆட்டக்காரர்களுக்கு மொத்தமாக இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று அந்த லீக்கில் உச்சவரம்பு உண்டு. அந்த வருஷம் அது சுமார் 12 கோடி டாலர். அணியில் 53 பேர். ஒருவருக்கு இலையில் கூடுதலாக விழுந்தால், இன்னொருவர் இலையில் குறையும். மேனிங்குக்கு அப்போது 36 வயசு ஆகப்போகிறது. கழுத்து எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. நன்றிக்காக அவரை வைத்துக்கொண்டால், அந்த நன்றிக்கு விலை கொடுப்பது இர்சே மட்டுமில்லை. மிச்சமிருக்கும் 52 பேரும், டிக்கெட் வாங்கி வருகிற ஜனங்களும்கூட.

என் நன்றிக்கடனை அடுத்தவன் சோற்றிலிருந்து எடுத்துக் கொடுத்தால் அதற்குப் பெயர் நன்றியா? யோசிக்க வேண்டிய விஷயம் சார்.

'அதுதான் சம்பளம் வாங்கினாரே, கணக்கு தீர்ந்தது' என்று சிலர் சொல்வார்கள். அதுவும் முழு நியாயம் ஆகாது. சம்பளம் உழைப்புக்கு. ஓர் ஊர் தன்னைப் பற்றிப் பெருமையாக நினைத்துக்கொள்ள ஒரு மனிதன் காரணமாகிறானே, அதற்கு எந்த ஒப்பந்தத்திலும் தொகை போட்டிருக்காது. அந்தக் கடன் பாக்கி இருக்கிறது. ஆனால் அதை நாற்காலியைக் கொண்டு அடைக்க முடியாது. நாற்காலி முதலாளியின் சொந்தச் சொத்து இல்லை, மேனிங்கின் சொத்தும் இல்லை. கடனைத் தன் கையிலிருந்துதான் கொடுக்க வேண்டும்.

கையில் என்ன இருக்கிறது? நான்கு விஷயங்கள் இருப்பதாக எனக்குப் படுகிறது. உண்மையை நேருக்கு நேர் சொல்வது. போகிறவர் தன் வழியைத் தானே தேர்ந்தெடுக்க விடுவது. அவர் பெயரைக் காப்பாற்றுவது. போன பிறகு அவரைப் பற்றிக் குறைத்துப் பேசாமலிருப்பது.

முதல் மூன்றையும் இர்சே ஒழுங்காகவே செய்தார். ஓர் அறிக்கையை அனுப்பிவிட்டு ஒளிந்துகொள்ளவில்லை. மேனிங் பக்கத்தில் நின்று பத்திரிகைக்காரர்களைச் சந்தித்தார். இரண்டு பேருமே கண் கலங்கினார்கள். மேனிங்கை வேறு அணிக்கு விற்கவில்லை, விடுவித்தார். அதனால் பிடித்த இடத்துக்குப் போகும் சுதந்திரம் மேனிங்குக்குக் கிடைத்தது. அவருடைய 18-ம் நம்பர் சட்டையை இனி இந்த அணியில் யாரும் போடமாட்டார்கள் என்றார். 2017-ல் ஸ்டேடியத்துக்கு வெளியே மேனிங்குக்குச் சிலையும் வைத்தார்.

நாலாவதில்தான் சறுக்கினார். 2013 அக்டோபரில் மேனிங் தன் புது அணியான டென்வர் பிராங்கோஸோடு இண்டியானாபொலிஸுக்கு ஆட வந்தார். அதற்குச் சற்று முன்பு ஒரு பேட்டியில், பிரமாதமான புள்ளிவிவரமெல்லாம் இருந்தும் அந்தக் காலத்தில் கோப்பை ஒன்றுதான் கிடைத்தது என்கிற தொனியில் இர்சே பேசிவைத்தார். டென்வர் பயிற்சியாளர் கொதித்துப் போனார். கண்ணீரோடு வழியனுப்பிய வாய்தான் அதையும் சொன்னது. இண்டியானாபொலிஸ் ஜனங்கள் எவ்வளவோ மேல். எதிரணிச் சட்டையில் வந்த மேனிங்குக்கு எழுந்து நின்று கைதட்டினார்கள்.

சரி, கடைசியில் யார் செய்தது சரி என்று கேட்பீர்கள். லக் வந்த முதல் வருஷமே அணி 11 ஆட்டம் ஜெயித்தது. 2013-லும் 2015 ஜனவரியிலும் மேனிங்கின் அணியையே லக்கின் அணி தோற்கடித்தது. முதலாளி கெட்டிக்காரர்! மேனிங் 2013 சீசனில் 55 டச் டவுன் எறிந்து சாதனை படைத்தார். 2016 பிப்ரவரியில் 39 வயசில் டென்வருக்குச் சூப்பர் பௌல் வாங்கிக் கொடுத்தார். முதலாளி ஏமாளி! அப்படியும் சொல்லிவிட முடியாது. அந்தக் கடைசி சீசனில் மேனிங்கின் ஆட்டம் ரொம்பவே தளர்ந்திருந்தது. நடுவில் அவரை உட்கார வைத்து ஒரு இளைஞரை ஆட விட்டார்கள். கோப்பையை வாங்கித் தந்ததில் பெரும்பங்கு டென்வரின் தடுப்பாட்டக்காரர்களுக்குத்தான். அந்தத் தடுப்பாட்டக்காரர்களில் ஒருவர் டிமார்கஸ் வேர். அவரும் 2014-ல் டல்லஸ் அணி கழற்றிவிட்ட பழைய கைதான்!

முடிவை வைத்துக்கொண்டு நியாயத்தை அளக்கக் கிளம்பினால் இப்படித்தான் ஆகும். தராசு ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு பக்கம் சாயும். அன்றைக்குத் தெரிந்ததை வைத்து அன்றைக்கு நடந்துகொண்டது எப்படி என்று பார்ப்பதுதான் முறை.

அந்த இளைஞன் கதையையும் கேளுங்கள். லக் அடி மேல் அடி வாங்கினார். தோள்பட்டைக் காயத்தால் 2017 சீசன் முழுக்க ஆட முடியவில்லை. 2019 ஆகஸ்ட் 24 அன்று, 29 வயசில், போதும் என்று ஓய்வை அறிவித்தார். பயிற்சி ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே செய்தி கசிந்துவிட்டது. மைதானத்தைவிட்டு வெளியேறிய அவரைப் பார்த்து அவருடைய சொந்த ரசிகர்களே 'பூ' என்று கூச்சல் போட்டார்கள்.

இது என்ன நியாயம்? முதலாளி கழுத்து எலும்பைக் கணக்குப் பார்த்து ஆளை அனுப்பினால் 'பிசினஸ் அப்படித்தான்' என்கிறோம். ஆட்டக்காரன் தன் தோள் எலும்பைக் கணக்குப் பார்த்துக் கிளம்பினால் 'துரோகி' என்கிறோம். கறிவேப்பிலை தானாக இலையைவிட்டு எழுந்து போனால் மட்டும் நமக்கு ஏன் அவ்வளவு கோபம்?

வயசு, இளமை என்பதெல்லாம்கூட ஒரு சாக்குதானோ என்று சந்தேகம் வருகிறது. இர்சே 2025 மே மாதம் காலமானார். அதே வருஷம் டிசம்பரில் கோல்ட்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் காயப்பட்டார். உடனே யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? ஃபிலிப் ரிவர்ஸ். வயசு 44. ஏறக்குறைய ஐந்து வருஷமாக ஆடாதவர். வந்தார், ஆடினார், முதல் ஆட்டத்தில் இரண்டே பாயின்ட்டில் தோற்றார். தேவை என்று வந்துவிட்டால் 44-ம் இளமைதான். தேவை தீர்ந்துவிட்டால் 35-ம் கிழம்தான்.

இன்னொரு விஷயம். மேனிங் போய் இரண்டு நாள் கழித்து அதே அணி மேலும் ஐந்து பேரைக் கழற்றிவிட்டது. அதில் ஒருவர் டல்லஸ் கிளார்க், ஒன்பது சீசன் ஆடியவர். இன்னொருவர் கேரி பிராக்கெட். எந்த அணியும் முறைப்படி தேர்ந்தெடுக்காமல், சாதாரணமாக உள்ளே நுழைந்து, தடுப்பாட்டத்துக்கே தலைவராக உயர்ந்தவர். மேனிங்குக்கு நடந்த மாதிரி உலகமே பார்த்த வழியனுப்பு விழா இவர்களுக்கு நடக்கவில்லை. சிலையும் இல்லை. மேனிங்கை அனுப்பியதைப் பற்றி இத்தனை வருஷம் பேசுகிறோம். நன்றி உணர்ச்சியின் நிஜமான பரீட்சை இந்த ஐந்து பேர் விஷயத்தில்தான் இருக்கிறது. புகழ் பெற்றவருக்கு மரியாதை செய்தால் நமக்கும் பெருமை. மற்றவருக்குச் செய்கிற மரியாதையில் நமக்கு ஒரு லாபமும் இல்லை.

ஆரம்பக் கேள்விக்கு என் பதில் இதுதான்: அனுப்பலாம். அனுப்புவது பாவமில்லை. கண்ணைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாமல் அனுப்புவதும், அனுப்பிய பிறகு 'அவரால் என்ன பெரிசாக ஆயிற்று' என்று பேசுவதும்தான் பாவம்.

உங்கள் ஆபீஸிலோ கடையிலோ சமீபத்தில் யாராவது இப்படிப் போயிருப்பார். அவரிடம் விஷயத்தை யார் சொன்னார்கள், எப்படிச் சொன்னார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். யாருமே சொல்லவில்லை, சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார் என்றால், இன்றைக்குச் சாயங்காலம் அவருக்கு ஒரு போன் போடுங்கள்.