ஆதாரம் இல்லை என்பது பதிலா?

"டவர் வந்ததுலேர்ந்து புள்ளைக்கு சளி விடவே மாட்டேங்குது தம்பி, எதிர்ப்பு சக்தியே போச்சு" என்கிறார் திருவையாற்றுப் பக்கம் இருக்கும் என் சித்தி. கம்ப்யூட்டர் படித்தவன் என்பதால் கேள்வி என்னிடம் வருகிறது.

அறிவியல் சொல்வது இவ்வளவுதான். செல்போன் அலைக்கு அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் ஆற்றல் கிடையாது. உறுதியாகத் தெரிந்த விளைவு, அளவு மிகுந்தால் உடல் சூடாவது. வரம்புகள் அதை வைத்தே போடப்பட்டவை. அதற்குக் கீழே, எலிகளிலும் ரத்த அணுக்களிலும் நோய் எதிர்ப்பு மாற்றம் கண்டதாகச் சில ஆய்வுகள் உண்டு, காணாதவையும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-ல் இந்த அலைகளை '2பி', அதாவது புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற சந்தேகப் பட்டியலில் வைத்தது. 2012 செப்டம்பரில் இந்தியா டவர்களுக்கான வரம்பைச் சர்வதேச அளவின் பத்தில் ஒரு பங்காக்கியது. 900 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 0.45 வாட்.

ஆக, பிள்ளையின் சளிக்கு டவர்தான் காரணம் என்று சொல்ல ஆதாரமில்லை. இதைச் சொன்னதும் சித்தி கேட்டார்: "சரிப்பா, வைக்கிறதுக்கு முன்னாடி எங்களை ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

இது இயற்பியல் கேள்வி அல்ல. வாடகை நிலத்துக்காரருக்கு, பயம் பக்கத்து வீட்டுக்கு. 1996-ல் வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம், தன் செயலால் சூழலுக்குக் கேடில்லை என்று காட்டும் பொறுப்பு அதைச் செய்பவருடையது என்றது. பாலாற்றுக்குச் சொன்னதை டவருக்கு அப்படியே பொருத்த முடியாது. துளியும் தீங்கில்லை என்று எதையுமே நிரூபிக்க இயலாது. அப்படிக் கேட்டால் மருந்துக்கடைகூடத் திறக்க முடியாது. ஆனால் கேட்பதும், அளப்பதும், அளந்ததைக் காட்டுவதும் முடியும். தீங்கு நிரூபணமானால்தான் மனிதரைக் கேட்க வேண்டும் என்று எந்த அறமும் சொல்லவில்லை.

டெல்டாவில் இது கூடுதலாக வலிக்கும். 2017-ல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் பரவியதைப் பார்த்த ஊர்கள் இவை. "பாதுகாப்பானது" என்ற சொல் இங்கே எப்போதோ செல்லாக்காசாகிவிட்டது.

வீட்டருகே கதிர்வீச்சை அளக்கச் சொல்லி யாரும் தொலைத்தொடர்புத் துறையிடம் விண்ணப்பிக்கலாம். கட்டணம் 4,000 ரூபாய். நடவுக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு அது பத்து நாள் கூலிக்கும் மேல். உண்மை தெரிந்துகொள்ளும் செலவைப் பயப்படுகிறவர் தலையில் கட்டிவிட்டு, அவரை அறியாதவர் என்று சிரிப்பதில் என்ன நியாயம்?

சித்திக்கும் ஒரு கடமை உண்டு: அளந்து காட்டினால் ஏற்றுக்கொள்வது. டவர் தூரமாகப் போனால் காதோரம் இருக்கும் போன்தான் அதிக சக்தியில் அலையை அனுப்பும் என்பதையும் சேர்த்து. "அளந்து காட்டட்டும், நான் ஏன் மாட்டேங்கப் போறேன்?" என்கிறார். இன்றுவரை யாரும் அளக்க வரவில்லை.