பழங்கடனும் பழவினையும்

அருகன் திருவடியைச் சிந்தையிற் கொண்டு இல்லறம் பேணும் சிராவக சிராவகியர்களே!

நம் அறநூல்கள் துறவறத்தை உச்சியில் வைத்துப் போற்றினாலும், இல்லறத்தாரை ஒருபோதும் கைவிட்டதில்லை. பொருள் ஈட்டாமல் இல்லறம் நடவாது என்பதை நம் ஆசாரியர்கள் நன்கு அறிந்திருந்தனர். 13ஆம் நூற்றாண்டில் சாகார தர்மாமிருதம் இயற்றிய பண்டித ஆசாதரர், இல்லற தருமத்திற்குத் தகுதியுடையோனின் இலக்கணங்களை அடுக்கும்போது, நீதியால் ஈட்டிய பொருளுடையவன் என்பதையே முதலில் வைத்தார். பூசையும் கொடையும் அதன் பின்னரே பேசப்படுகின்றன.

வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் உழவையே தொழிலாகக் கொண்டிருந்த நம் குடும்பங்களில் பல, இன்று நகரங்களில் சிறு கடைகளும் தொழில்களும் நடத்தி வாழ்கின்றன. உழவில் கடன் விளைச்சலோடு வந்து விளைச்சலோடு போயிற்று. கடைத்தொழிலிலோ கடன் நாள்தோறும் வருகின்றது; நாள்தோறும் வட்டி கேட்கின்றது. ஆதலின், கடனைப் பற்றி அறநூல் வழிநின்று சிந்திப்பது இக்காலத்தில் இன்றியமையாததாகும்.

ஊற்றும் கட்டும்

உயிர், உயிரல்லது, ஊற்று, கட்டு, செறிப்பு, உதிர்ப்பு, வீடு என்னும் ஏழு தத்துவங்களை நம் இல்லங்களில் சிறுவரும் அறிவர். வினை உயிரினிடம் வந்து சேர்வது ஊற்று. அது பிணிப்பது கட்டு. புதுவினை வாராமல் வாயிலை அடைப்பது செறிப்பு. பழவினையைத் தேய்த்துக் கழிப்பது உதிர்ப்பு. முற்றும் கழிந்தவிடத்து வீடு.

கடன்பட்ட குடும்பத்தின் நிலையும் இவ்வரிசையிலேயே அமைந்திருப்பதைக் காண்மின்! ஆசை என்னும் வாயில் வழியே கடன் உள்ளே வருகின்றது, வட்டியாய்க் கட்டுகின்றது. அதனின்று விடுபடும் வழியும் இரண்டே: புதுக்கடன் வாராமல் செறித்தல், பழங்கடனை உதிர்த்தல். ஓட்டையை அடைக்காமல் படகிலிருந்து நீரை இறைப்பவன் கரை சேரான். ஓட்டையை அடைத்துவிட்டு உள்ளே நிறைந்த நீரை இறைக்காதவனும் கரை சேரான்.

மீசையில் ஒட்டிய வெண்ணெய்

சமந்தபத்திராசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், பேராசைக்கு எடுத்துக்காட்டாக ஸ்மஸ்ருநவநீதன் என்பானைக் குறிப்பிடுகின்றார். மீசை வெண்ணெய்க்காரன் என்பது அப்பெயரின் பொருள். வாணிகத்தில் ஈட்டியதைக் கள்வரிடம் பறிகொடுத்த அவன், ஆயன் ஒருவன் கொடுத்த மோரைக் குடித்தபோது மீசையில் வெண்ணெய் ஒட்டக் கண்டான். நாள்தோறும் அவ்வாறே குடித்து, ஒட்டியதை வழித்துச் சேர்த்து, ஒரு பானை நெய்யாக்கினான். அதுவரை அவன் செயலில் பழுதில்லை. சிறுகச் சேர்த்தல் நல்லதே.

ஒரு குளிரிரவில், புற்குடிசையில் காலடியில் தீ மூட்டிப் படுத்தவன் எண்ணத் தொடங்கினான். இந்நெய்யை விற்று வாணிகம் செய்வேன், பெருவணிகன் ஆவேன், சிற்றரசன் ஆவேன், பேரரசனும் ஆவேன். அப்பொழுது மாடத்தில் என் கால் பிடிக்கும் மனைவி சரியாகப் பிடிக்கவில்லை என்று செல்லமாக உதைப்பேன் என்று எண்ணியவன் உண்மையிலேயே உதைத்தான். பானை கவிழ்ந்து நெய் தீயிற் பாய்ந்தது. குடிசையோடு அவனும் எரிந்தான்.

ஒரு பானை நெய்யை வைத்துக்கொண்டு பேரரசுக்குச் செலவு செய்யும் மனநிலையே இன்றும் பல கடன்களின் பிறப்பிடம். ஒரு பண்டிகைக் காலத்தில் நல்ல விற்பனை நடந்தால், ஆண்டு முழுவதும் அவ்வாறே நடக்கும் என்று எண்ணி, இரண்டாம் கடைக்கு முன்பணம் கொடுத்துவிடுகின்றோம். வாராத வருவாயை வந்ததாகக் கொண்டு வாங்கும் கடன், காலடியில் மூட்டிய தீயேயாகும்.

பொருள் வரையறை விரதத்திற்கு இழுக்காகச் சமந்தபத்திரர் கூறும் ஐந்தும் வணிகர்க்கென்றே கூறியவை போல் உள்ளன. எருது முதலியவற்றை ஆற்றலுக்கு மீறி ஓட்டுதல், அளவிறந்து பண்டம் சேர்த்தல், பிறர் பெற்ற இலாபம் கண்டு மனம் பதறுதல், கிடைத்த இலாபத்தில் நிறைவுறாமை, அளவுக்கு மேல் பாரம் ஏற்றுதல் என்பன அவை. இன்று எருதின் இடத்தில் நம் கடைப் பணியாளும், நம் மனைவி மக்களும், நம் உடலுமே நிற்கின்றன. அவற்றின்மேல் ஏற்றப்படும் பாரம் கடன்.

முதற்படி: ஆலோசனை

குற்றம் நீங்க முதலில் செய்வது, அதை மறையாது ஆசிரியர்முன் எடுத்துரைப்பதாகிய ஆலோசனை. கடன் தீர்க்கும் முயற்சிக்கும் அதுவே முதற்படி. பல இல்லங்களில் கடைக்கடன் எவ்வளவு என்பது கணவனுக்கு மட்டுமே தெரியும். நகை எங்குள்ளது என்பது மனைவிக்கு மட்டுமே தெரியும். மறைக்கப்பட்ட கடன் வட்டியோடு பொய்யையும் சேர்த்து வளர்க்கும்.

ஒரு மாலை, சாமாயிகம் முடித்தபின், கணவனும் மனைவியும் வளர்ந்த மக்களும் ஒருங்கிருந்து ஒரு தாளில் எழுதுக. யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, எந்நாள் தவணை, எது அடகில் உள்ளது என்னும் ஐந்தையும் எழுதுக. அன்று எவரும் எவரையும் பழிக்கலாகாது. பழிச்சொல்லுக்கு அஞ்சியே கடன் மறைக்கப்படுகின்றது. அச்சம் நீங்கினால் கணக்கு வெளிவரும்.

செறிப்பு: தன்னுடையதை மட்டும் எடுத்தல்

வாமன முனிவர் அருளிய மேருமந்தர புராணத்தில் வரும் பத்திரமித்திரன் கதையை நம்மவர் அறிவர். அவ்வணிகன் அடைக்கலமாக வைத்த மணிகளை அமைச்சன் சத்தியகோடன் இல்லையென்று மறுத்தான். அரசி இராமதத்தை தன் அறிவுத்திறத்தால் அவற்றை மீட்டாள். மன்னன் அம்மணிகளைத் தன் கருவூல மணிகளோடு கலந்து வைத்து, உன்னுடையவற்றை எடுத்துக்கொள் என்றபோது, பத்திரமித்திரன் தன் மணிகளை மட்டுமே தேர்ந்தெடுத்தான்.

நம் கடைக் கல்லாப்பெட்டியும் அவ்வாறு கலந்த மணிக்குவியலே. 100 ரூபாய்க்கு விற்ற பண்டத்தின் கொள்முதல் விலை 88 ரூபாய் எனக் கொள்வோம். அந்த 88 சரக்குக் கொடுத்தவருடையது. நம்மிடம் அடைக்கலமாக இருப்பது. எஞ்சிய 12இல் வாடகை, மின்கட்டணம், கூலி ஆகியவை போக நிற்பதே நம்முடையது. பள்ளிக் கட்டணத்திற்கும் விருந்திற்கும் கல்லாவில் கைவிட்டு எடுக்கும்போது, நாம் எடுப்பது பெரும்பாலும் அந்த 88லிருந்தே. சரக்கு வாங்க மறுநாள் பணமில்லாமற் போவதும், வட்டிக்காரரை நாடுவதும் இதனாலேதான். விற்பனையை வருவாய் என்று கருதும் மயக்கமே சிறு வணிகரின் ஊற்று வாயில்.

ஆகவே, கடைக்கொரு கணக்கும் வீட்டிற்கொரு கணக்கும் தனித்தனியே வேண்டும். கடைக்காரர் தமக்கென மாதம் ஒரு தொகையைச் சம்பளமாக வரையறுத்து, அதையே வீட்டிற்குக் கொண்டு செல்க. அத்தொகைக்குள் வீடு நடத்தப் போகோபபோக பரிமாணம் என்னும் விரதம் துணைசெய்யும். உணவு போல் ஒருமுறை துய்த்து நீங்குவன போகம். ஆடை, அணி, மனை போல் மீண்டும் மீண்டும் துய்ப்பன உபபோகம். இவ்விரண்டிற்கும் வாழ்நாள் முழுவதும் எல்லை கொள்வது யமம். குறித்த காலத்திற்கு எல்லை கொள்வது நியமம். கடன் தீரும்வரை புதுநகை இல்லை, தவணையில் பொருள் இல்லை, ஆடம்பர விழா இல்லை என்று குடும்பம் முழுவதும் ஒரு நியமம் ஏற்கலாம். விரதமாக ஏற்ற கட்டுப்பாடு குறையாகத் தோன்றாது.

உதிர்ப்பு: கொடியதை முதலில்

உதிர்ப்பு இருவகைப்படும். வினை தன் காலத்தில் பயன்கொடுத்துத் தானே உதிர்வது சவிபாகம். தவத்தால் காலத்திற்கு முன்பே உதிர்ப்பது அவிபாகம். வட்டியை மட்டும் கட்டிக்கொண்டிருப்பவன் சவிபாக நிலையினன். அவன் கணக்கு முடிவதில்லை. செலவைச் சுருக்கி அசலைக் கழிப்பவனே அவிபாக நெறியில் நிற்பவன்.

எக்கடனை முதலில் கழிப்பது? சினம் முதலிய கஷாயங்களில் கொடிய அனந்தானுபந்தி முதலில் நீங்க வேண்டும். கல்லில் கீறிய கோடு போன்ற அது நீங்காமல் நற்காட்சி தோன்றாது. கடனிலும் கொடிய வட்டியுடையதே முதலில் நீங்க வேண்டும். ஒரு கணக்கைப் பார்ப்போம்.

ஒரு குடும்பத்திற்கு மூன்று கடன்கள். ஐந்து வட்டிக்கு 40,000 ரூபாய். இரண்டு வட்டிக்கு 1,00,000. நகையின்மேல் ஒரு வட்டிக்கு 2,00,000. மூன்றிற்கும் மாத வட்டி தனித்தனியே 2,000 ரூபாய்தான். குடும்பம் மாதம் 10,000 ஒதுக்குகின்றது. வட்டி 6,000 போக 4,000 மிச்சம். நகை மீளட்டும் என்று அந்த 4,000த்தையும் நகைக்கடனிற் செலுத்தினால், அது தீர 41 மாதங்கள் ஆகும். அப்போதும் மற்ற இரு கடன்களின் அசல் 1,40,000 அப்படியே நிற்கும். மாறாக, ஐந்து வட்டிக் கடனிற் செலுத்தினால் அது 9ஆம் மாதத்தில் தீரும். அங்கு விடுபட்ட தொகையையும் சேர்த்து இரண்டாவதிற் செலுத்த, அது 23ஆம் மாதத்தில் தீரும். பின்னர் முழு 10,000த்தையும் நகைக்கடனுக்குச் செலுத்தினால், 41ஆம் மாதத்தில் எஞ்சுவது ஏறத்தாழ 41,500 மட்டுமே. 46ஆம் மாதத்தில் எல்லாம் முடியும். இருவழியிலும் கொடுத்தது மாதம் அதே 10,000தான். வரிசை ஒன்றே ஒரு லட்சத்தை ஒட்டிய வேறுபாட்டை உண்டாக்கிற்று.

தினத்தண்டலைக் குறித்து ஒரு சொல். 10,000 என்று எழுதி 8,500 கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வாங்குவது வழக்கம். 1,500தானே என்று தோன்றும். ஆனால் அசல் நாள்தோறும் திரும்பிக்கொண்டே இருப்பதால், ஆண்டுக் கணக்கில் அது நூற்றுக்கு நூறையும் கடந்த வட்டியாகும். 2015இல் தொடங்கப்பட்ட முத்ரா திட்டம் போன்றவற்றின் வழி வங்கியில் பிணையின்றிக் கடன் பெற்று இத்தகைய கடனை அடைத்தல் நன்று. ஆனால், அடைத்தபின் மீண்டும் தண்டலுக்குப் போகாத உறுதி வேண்டும். இன்றேல் ஒரு கட்டு இரு கட்டாகும்.

கடனும் கொடையும்

நம்மில் பலர்க்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. கடன் இருக்கும்போது ஆலயத் திருப்பணிக்கும் விழாவிற்கும் கொடுக்கலாமா? தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமி தானத்தை வரையறுக்கும்போது, நன்மை கருதித் தன்னுடையதைக் கொடுப்பது என்றே பொருள்பட உரைத்தார். தன்னுடையது என்பதே இங்கு உயிரான சொல். சரக்குக் கொடுத்தவர் காத்திருக்க, பணியாளின் கூலி நிலுவையில் இருக்க, கல்வெட்டில் பெயர் பொறிக்கக் கொடுப்பது பிறர் பொருளைக் கொடுப்பதாகும். அதனினும் கடன் தீர்த்தலே அப்போதைக்கு உயர்ந்த அறம்.

ஆயின், கொடை முற்றும் நின்றுவிடவும் வேண்டா. ஒருவேளை உணவு, ஒரு மாணவனுக்கு ஒரு நூல், உடற்பணி ஆகியவையும் தானமே. வருவாயை நான்காகப் பகுத்து, ஒரு பங்கைச் சேமிப்பாகவும், ஒரு பங்கைத் தொழிலுக்கும், ஒரு பங்கை அறத்திற்கும் நுகர்ச்சிக்கும், ஒரு பங்கைச் சார்ந்தோரைக் காக்கவும் வைக்கும் பழைய முறை ஒன்றுண்டு. கடன் உள்ள காலத்தில் சேமிப்புப் பங்கைக் கடனுக்குத் திருப்புக. அறப்பங்கு சிறிதாயினும் நிலைபெறுக. ஊராரும் ஒன்று நினைத்தல் வேண்டும். விழா வரியைக் குறைத்துக் கேட்கும் குடும்பத்தை இழிவாகப் பேசும் நாவே பலரைக் கடனில் தள்ளுகின்றது.

கொடுப்போர்க்கு ஒரு சொல்

நம்மில் கடன் கொடுப்போரும் உளர். கொல்லாமை விரதம் கத்திக்கு மட்டும் உரியதன்று. 2017 அக்டோபரில் நெல்லை மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமை தாங்காது ஒரு குடும்பம் குழந்தைகளோடு தீக்குளித்து மாண்டதை நாடு கண்டது. மிகைவட்டியைத் தடுக்கத் தமிழகத்தில் 2003லேயே சட்டம் வந்துவிட்டது. அரச நெறிக்கு மாறாக நடத்தலைக் கள்ளாமை விரதத்தின் இழுக்குகளுள் ஒன்றாகத் தத்துவார்த்த சூத்திரம் வைத்திருப்பதை இங்கு நினைத்தல் தகும். அடைக்க இயலாது தவிப்பவனுக்குத் தவணையை நீட்டிக் கொடுத்தல் அபயதானமே.

கடனால் மனம் ஒடிந்தோர்க்கும் ஒன்று கூறுவோம். உயிரை மாய்த்துக்கொள்வது கடனைத் தீர்ப்பதன்று. அதை மனைவி மக்கள்மேல் ஏற்றுவது. கலக்கத்தால் நிகழும் அச்செயலுக்கும், பற்றும் பகையும் ஒழிந்த சல்லேகனைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. வட்டம் அலுவலகம், காவல் நிலையம், உறவினர், ஊர்ப் பெரியோர் என எவரிடமேனும் வாய்திறந்து கூறுக. சொல்லப்பட்ட துன்பம் பாதியாகும்.

அன்பர்களே! எண்ணற்ற பிறவிகளில் சேர்த்த வினையையே தவத்தால் உதிர்க்கலாம் என்று நம்புகின்ற மரபினர் நாம். சில ஆண்டுகளில் சேர்த்த கடனைக் கண்டு நாம் கலங்கலாமா? கடன்தாளில் ஒரு வரி அடிக்கப்படும் ஒவ்வொரு மாதமும் பற்றும் ஓரிழை தளர்கின்றது. கடன் தீர்ந்தபின் ஏற்ற நியமத்தை உடனே கைவிடாது, அதையே பொருள் வரையறை விரதமாக நிலைநிறுத்துக. ஐந்து அணுவிரதங்களுள் ஒன்று, கடன் கற்பித்த பாடமாகவே நம் இல்லத்தில் வேரூன்றிவிடும்.

அருகன் அறம் வெல்க!