வலிக்குச் சான்று ஏது?

"கட்டியைத்தான் எடுத்துவிட்டார்களே, இன்னும் என்னவாம்?"

தேர்வு நாளொன்றின் காலையில் நமது பள்ளியின் ஆசிரியர் அறையில் எழுந்த கேள்வி இது. கேட்டவர் கொடியவர் அல்லர். ஏழை மாணவருக்குத் தம் கைப்பணத்தில் புத்தகம் வாங்கித் தருபவர். எவரைக் குறித்துக் கேட்டாரோ அவர் அப்போது அறையில் இல்லை. தேர்வுக் கூடத்தில் மூன்று மணி நேரம் நிற்க இயலாது, நாற்காலி ஒன்று வேண்டும் என்று தலைமை ஆசிரியரிடம் கேட்கச் சென்றிருந்தார். "வேலை வந்தால் வலி வரும், சம்பள நாளில் மட்டும் வராது" என்றார் மற்றொருவர். அறை சிரித்தது. சிரித்தவர்களுள் நாமும் இருந்தோம். முதலிலேயே இதனை ஒப்புக்கொண்டுவிடுகின்றோம். பிறரைக் குற்றக் கூண்டில் ஏற்றிவிட்டுத் தான் மட்டும் வழக்குரைஞர் அங்கி அணிந்து நிற்பவனின் வாதம் எடுபடாது.

அந்த நண்பர் வரலாற்று ஆசிரியர். நம்மைவிட இருபது வயது மூத்தவர். நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் அவருடைய தண்டுவடத்தினுள்ளே கட்டி ஒன்று வளர்ந்திருப்பதைக் கண்டறிந்து, அறுவை மருத்துவத்தால் அகற்றினர். அகற்றியது முழுமையாக. ஆண்டுதோறும் படம் எடுத்துப் பார்க்கின்றனர். கட்டி இல்லை என்று தாளில் எழுதித் தருகின்றனர். அந்தத் தாள்தான் அவருக்குப் பகையாக வாய்த்தது! நோய் இருந்தபோது நோயின் பெயர் இருந்தது. விடுப்பு விண்ணப்பத்தில் எழுதலாம். கேட்டவர் "ஐயோ" என்றனர். இன்று பெயர் போயிற்று, நோவு மட்டும் நிற்கின்றது. பெயரில்லாத நோவுக்கு எந்த அலுவலகம் விடுப்புத் தரும்?

தண்டுவடம் என்பது முதுகெலும்பு அன்று. முதுகெலும்புகளின் துளைகள் வரிசையாக நின்று ஆக்கிய குழாய்க்குள், மூளையினின்று இறங்கிவரும் நரம்புக் கற்றை அது. நீளம் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர்; பருமன் சுண்டுவிரல் அளவு. அந்தச் சுண்டுவிரல் பருமனுக்குள்ளே தொடுவுணர்வு, சூடு, குளிர், நோவு யாவும் மேலேறிச் செல்கின்றன. நடக்கவும் நிற்கவும் எழுதவும் கட்டளைகள் கீழிறங்கி வருகின்றன. கட்டி அதன் உள்ளேயே வளர்ந்துவிட்டால், மருத்துவர் வடத்தின் பின்புறத்தை நடுக்கோட்டில் கீறித்தான் உள்ளே நுழைதல் வேண்டும். கட்டியின் அழுத்தத்தால் நைந்துபோன இழைகள் சில. கீறலால் புண்படுபவை சில. கட்டி வெளியே வந்துவிடும். நைந்த இழைகள் பழைய நிலைக்கு மீள்வதோ அரிது.

நண்பர் நடக்கின்றார், பாடம் நடத்துகின்றார், கரும்பலகையில் எழுதுகின்றார். ஆயின், மார்புக்குக் கீழே நான்கு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை, கயிறு கொண்டு இறுக்கியது போல் இரவும் பகலும் இறுகிக் கிடக்கின்றது. குளிக்கும்போது அவ்விடத்தில் வெந்நீர் பட்டால் சூடு தெரிவதில்லை. கையை விட்டுப் பதம் பார்த்துவிட்டே ஊற்றுகின்றார். ஆனால் அதே இடத்தில் சட்டைத்துணி உரசினால் தணலைக் கொட்டியது போல் எரிகின்றதாம். வெந்நீர் சுடுவதை அறியாத தோலில் நெருப்பு! நம்பக்கூடியதா? அவரே ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னார்: "தந்திக்கம்பி அறுந்துபோன ஊரிலிருந்து ஓயாமல் தந்தி வந்துகொண்டிருக்கிறது, தம்பி."

சிரித்துக்கொண்டு சொன்னார் அல்லவா, அதுவும் அவருக்குக் கேடாயிற்று. "வலி உள்ளவன் சிரிப்பானா?" என்றனர். முகம் சுளித்தால் நடிப்பு, சிரித்தால் பொய். வேறு எந்த முகத்தை அவர் அணிந்துகொள்வது?

தண்டுவடக் கட்டியை வெற்றியுடன் அகற்றிய வரலாறு 1887 இல் லண்டன் மாநகரில் தொடங்குகின்றது. கவர்ஸ் என்னும் மருத்துவர் நோயின் இடத்தைக் கணித்துச் சொன்னார். விக்டர் ஹார்ஸ்லி கத்தியை எடுத்தார். நோயாளி ஒரு படை அதிகாரி. மூன்றாண்டுகளாக முதுகில் வலி என்று மருத்துவர் பலரிடம் முறையிட்டவர். ஆளுக்கொரு காரணம் கூறி அனுப்பப்பட்டவர். அவருடைய கட்டி வடத்துக்கு வெளியே இருந்து அதனை அழுத்திக்கொண்டிருந்தது. அகற்றினர், வலி தீர்ந்தது, அவர் நடந்தார். மருத்துவ உலகமே வியந்தது. வியக்க வேண்டியதுதான். ஆனால் அந்த மாபெரும் வெற்றி நம் எல்லோர் மனத்திலும் ஒரு கணக்கைப் பதித்துவிட்டது: கட்டியே வலி; கட்டி கழிய, வலி கழியும். நமது ஆசிரியர் அறையில் எழுந்த கேள்வி அந்தக் கணக்கின் பேரப்பிள்ளை.

அதற்கும் முற்பட்ட பாட்டனார் ஒருவர் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் டேக்கார்ட் வலியைக் கயிற்றுக்கும் மணிக்கும் ஒப்பிட்டார். காலில் நெருப்புப் பட்டால் கயிறு இழுபடும். தலையில் மணி ஒலிக்கும். இழுப்பவன் இல்லையேல் ஒலியும் இல்லை. எளிய படம், அழகிய படம். மூன்று நூற்றாண்டுகள் அது கோலோச்சியது. 1965 இல் மெல்சாக், வால் என்னும் இருவர் வேறு படம் வரைந்தனர். தண்டுவடத்தில் வாயிற்கதவு போன்றதோர் ஏற்பாடு உண்டு. கீழிருந்து வரும் செய்தியை மற்ற நரம்புகளும் மூளையும் சேர்ந்து கூட்டவும் குறைக்கவும் செய்கின்றன என்றனர். அவர்கள் வரைந்ததில் நுணுக்கங்கள் பின்னர்த் திருத்தப்பட்டன. என்றாலும், கயிறும் மணியும் வீழ்ந்தன. கதவே பழுதுபட்டால் இழுப்பவன் இல்லாமலேயே மணி ஒலிக்கலாம் என்பது தெளிவாயிற்று.

இனி நம்மவரிடம் வருவோம்.

நண்பரின் வீட்டுக்கு உறவினர் வந்தனர். "எந்தப் பிறவியில் செய்ததோ" என்று பெருமூச்செறிந்தார் ஒரு மூதாட்டியார். நண்பர் வாய் திறக்கவில்லை. பின்னர் நம்மிடம் இதனைச் சொன்னபோது நாம் பொங்கினோம். பிறவாத காலத்துக்குக் குற்றப் பத்திரிகை, சாட்சி இல்லை, விசாரணை இல்லை, தண்டனை மட்டும் முதுகில்! இதைவிடக் கொடிய நீதிமன்றம் உலகில் உண்டோ என்று கேட்டோம். அவர் நம்மை உற்று நோக்கி, "பாட்டி வினை என்கிறார், நீங்கள் மனம் என்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கிறது" என்றார்.

சுருக்கென்று தைத்தது. ஆம், சொல்லியிருந்தோம். அவருக்கு எழுதப்பட்ட மருந்துச் சீட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கு உரிய மருந்தாயிற்றே, கபாபென்டின் வலிப்பு நோய்க்கு உரியதாயிற்றே என்று படித்த மேதாவித்தனத்தைக் காட்டி, "ஐயா, மனத்தைத் திடப்படுத்திக்கொண்டால் பாதி குறையும்" என்று அறிவுரை வழங்கியவர் வேறு யாருமல்லர், நாமேதாம். அம்மருந்துகள் வேறு நோய்களுக்காக வந்தவை; புண்பட்ட நரம்பின் கூச்சலையும் ஓரளவு அடக்கும் என்று பின்னர்க் கண்டு மருத்துவர் வழங்குகின்றனர். இதனை நாம் அறிந்துகொண்டது அறிவுரை வழங்கிய பிறகு! 'வினை'யை நாற்காலியினின்று இறக்கிவிட்டோம். அதே நாற்காலியில் 'மன உறுதி'யை அமர்த்திவிட்டோம். பழைய தீர்ப்பே, புதிய மை. துன்பப்படுகிறவனே துன்பத்துக்குப் பொறுப்பு என்பதுதான் அந்தத் தீர்ப்பு.

மனத்துக்கு வேலையே இல்லை என்றும் கூறுவதற்கில்லை. அமெரிக்க எழுத்தாளர் ரெனால்ட்ஸ் பிரைஸ் என்பாரின் வாழ்வைக் காண்க. வட கரோலினா மாநிலத்தில் டர்ஹாம் நகரத்து டியூக் பல்கலைக்கழகத்தில் 1958 முதல் இலக்கியம் கற்பித்தவர். 1984 இல் அவருடைய தண்டுவடத்தில் நீண்டதொரு புற்றுக்கட்டி காணப்பட்டது. முதல் அறுவையில் அதனை அகற்ற இயலவில்லை. கதிர் மருத்துவம் செய்தனர். கால்கள் இரண்டும் செயலிழந்தன. 1986 இல் புதிய கருவி கொண்டு மீண்டும் அறுவை நிகழ்ந்தது. உயிர் தங்கிற்று, வலியும் தங்கிற்று. மருந்துகளின் மயக்கத்தில் ஆண்டுகள் கழிந்தன. 1987 இலேதான், உடலின் இறுக்கத்தைக் கருவியில் கண்டு தளர்த்தும் பயிற்சியும் அறிதுயில் பயிற்சியும் பெற்றார். வலி மறைந்ததா? இல்லை. அது அங்கேயே இருந்தது. அதன்பால் சென்ற தம் கவனத்தைத் திருப்பக் கற்றார். பக்கத்து வீட்டு ஓசை போல அதனை ஒலிக்க விட்டுவிட்டு எழுத அமர்ந்தார். 2011 இல் மறையும் வரை சக்கர நாற்காலியில் இருந்தபடி அவர் எழுதிய நூல்கள், நோய்க்கு முன்னர் எழுதியவற்றைவிட மிகுதி.

கவனியுங்கள்: அவருக்குப் பயிற்சி அளித்தவர்கள் "உனக்கு வலியில்லை" என்று தொடங்கவில்லை. வலி உண்டு என்று ஏற்றுக்கொண்ட பின்னர்த்தான் வழி காட்டினர். நாமோ ஏற்காமலே அறிவுரைக்குத் தாவினோம்.

இங்கே ஒரு சிக்கல் முளைக்கின்றது. பகுத்தறிவாளர் எனப்படுவோர் இதனைத் தாண்டிச் செல்லலாகாது. பிரைஸ் கிறித்துவ நம்பிக்கையாளர். 1984 இல் கதிர் மருத்துவம் தொடங்குமுன், கலிலேயக் கடலோரத்தில் தாம் இருந்ததாகவும், இயேசுவே தம் முதுகுப் புண்ணை நீரால் கழுவியதாகவும் ஒரு காட்சி கண்டதாக 1994 இல் வெளியிட்ட தம் வரலாற்று நூலில் எழுதியிருக்கின்றார். காட்சியும் அவர் சொல். வலியும் அவர் சொல். இரண்டுக்கும் வேறு சாட்சி இல்லை. ஒன்றைத் தள்ளிவிட்டு மற்றொன்றைக் கொள்வது நேர்மையா?

நேர்மையே என்போம். "கலிலேயாவில் இருந்தேன்" என்பது வெளியுலகைப் பற்றிய கூற்று. கடல் உண்டு, கரை உண்டு, டர்ஹாமிலிருந்து தொலைவு உண்டு. அளந்து பார்க்கலாம், மறுக்கலாம். "அப்படி ஒரு காட்சி என் மனத்தில் தோன்றியது" என்பதையோ நாம் மறுக்கவில்லை; மறுக்க நாம் யார்? "எரிகிறது" என்பது இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. எரிவு உணரப்படுவதற்கு அப்பால் வேறோர் எரிவு மறைந்திருப்பதில்லை, ஆய்ந்து கண்டுபிடிக்க. உணர்கிறவன் சொல்லைக் காட்டிலும் சிறந்த சான்று உலகில் இல்லாதபோது, அந்தச் சான்றை விலக்கிவிட்டுப் படத்தைக் கேட்பதும் தாளைக் கேட்பதும் பகுத்தறிவு ஆகாது. கிடைக்கக்கூடிய சான்றுகளுள் சிறந்ததை ஏற்பதே பகுத்தறிவு. பன்னாட்டு வலி ஆய்வுக் கழகம் 1979 இல் வகுத்த தன் வரையறையை 2020 இல் திருத்தியபோது, வலி என்று ஒருவர் கூறினால் அக்கூற்றை மதித்தல் வேண்டும் என்று குறிப்பும் சேர்த்தது. படித்த வல்லுநர்களுக்கே அதனை எழுதிவைக்க வேண்டியிருந்தது!

பொய் சொல்வோர் இலரா? உளர். கணக்குத் தேர்வு நாளில் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் சிறுவனை ஆசிரியர் எவரும் அறிவர். நாமும் ஒரு காலத்தில் வயிற்றைப் பிடித்தவரே. ஒரு பொய்யனை நம்பினால் இழப்பது என்ன? ஒரு நாற்காலி, ஒரு மணி நேரம். மெய்யனை நம்பாவிடில்? அவன் வலியோடு வழக்கும் சுமக்கின்றான். நாள்தோறும் தன்னை மெய்ப்பித்துக் காட்ட வேண்டியவனுக்கு, வலியினின்று கவனத்தைத் திருப்ப நேரம் ஏது? பிரைஸ் கற்ற பாடத்தை நம் நண்பர் கற்கவிடாமல் தடுத்து நின்றது தண்டுவடம் மட்டுமன்று, ஆசிரியர் அறையுந்தான்.

பிறவுயிரின் நோயைத் தன் நோய்போல் கருதாத அறிவினால் பயன் யாது என்ற பொருளில் வள்ளுவர் கேட்டிருப்பதை நாம் வகுப்பில் நடத்தியிருக்கின்றோம். 'தன் நோய்போல்' என்பதற்கு நெடுநாள் தவறாகப் பொருள் கொண்டிருந்தோம். நாமும் அதனை உணர்ந்தாக வேண்டும் போலும் என்று. நண்பரின் எரிவை நாம் எவ்வளவு முயன்றும் உணர முடியவில்லை. முதுகை வளைத்து, கண்ணை மூடிக்கொண்டு முயன்றும் பார்த்தோம், சிரிக்காதீர்கள். வள்ளுவர் அங்கே இட்ட சொல் உணர்தல் அன்று, போற்றுதல். தன் நோவுக்கு எவரும் சான்று கேட்பதில்லை. உடனே பாய் விரிக்கின்றோம், மருந்து தேடுகின்றோம். அந்த உடனடித் தன்மையைப் பிறருக்கும் நீட்டச் சொல்கின்றார் என்றே இப்போது கொள்கின்றோம். இலக்கண ஆசிரியர் மறுப்பாராயின் வாதிட அணியமாக இருக்கின்றோம்.

தலைமை ஆசிரியர் அன்று நாற்காலி தரவில்லை. ஒருவருக்குத் தந்தால் எல்லோரும் கேட்பர் என்பது விடை. நண்பர் மூன்று மணி நேரமும் நின்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. நாம் அவர் வீட்டுக்குச் சென்றபோது சட்டை அணியாமல் குப்புறக் கிடந்தார். முதுகில் அந்தத் தழும்பை முதன்முதலாகப் பார்த்தோம். ஒரு சாண் நீளம், நேர்க்கோடு. அறையில் சிரித்ததைச் சொன்னோம். "தெரியும், தம்பி. கதவுக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தேன்" என்றார்.

அடுத்த தேர்வின்போது, மணி அடிக்குமுன் அவருக்குரிய கூடத்தில் நாமே ஒரு நாற்காலியைக் கொண்டுபோய் வைத்தோம். யாரிடமும் கேட்கவில்லை. அவர் வந்தார், நாற்காலியைப் பார்த்தார், வினாத்தாளைப் பகிர்ந்தளித்தார். "இன்று கொஞ்சம் தாழ்வாக இருக்கிறது, நிற்கிறேன்" என்றார். அரை மணி நேரம் நின்றார். நாம் நாற்காலியை எடுக்கவும் இல்லை, ஏன் நிற்கின்றீர் என்று கேட்கவும் இல்லை.