குறுகிய வயிறும் குறுகாத ஆசையும்

உடற்பருமனைக் குறைப்பதற்காக இரைப்பையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒருவரைக் கண்டால், நம்மில் சிலர் உடனே தீர்ப்பு வழங்கிவிடுகிறோம். “வாயைக் கட்ட முடியாதவர் வயிற்றை அறுத்துக்கொண்டார்” என்கிறோம். இத்தீர்ப்பு நீதியானதுதானா?

1966-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் டாக்டர் எட்வர்ட் மேசன் தம் துணைவரோடு இரைப்பை மாற்றுவழிச் சிகிச்சையைத் தொடங்கிவைத்தார். இன்று மிகுதியாகச் செய்யப்படும் முறையிலோ, இரைப்பையின் ஐந்தில் நான்கு பங்கு வரை நீக்கப்படுகிறது. பசியைத் தூண்டும் சுரப்பு பெரிதும் ஊறுகின்ற பகுதியும் அதனோடு போய்விடுகிறது. ஆகவே, தொடக்க மாதங்களில் பசி அடங்குகிறது, எடையும் இறங்குகிறது.

ஆயினும், கத்தி அளவைக் காக்குமேயன்றி வகையைக் காப்பதில்லை. நான்கு கவளச் சோற்றுக்கே நிறைந்துவிடும் அந்த வயிறு, சர்பத்தையும் பாயசத்தையும் எளிதில் உள்ளே விட்டுவிடும். ஆண்டுகள் செல்லப் பசி திரும்பலாம். இழந்த எடையும் மீளலாம். எனவே, சிகிச்சை தருவது விடுதலையன்று, ஒரு தவணையே. அத்தவணைக்குள் புதிய பழக்கங்கள் வேரூன்றியாக வேண்டும். முட்டை, மீன், பருப்பு போன்ற புரத உணவை முதலில் உண்ண வேண்டும். நன்கு மென்று விழுங்க வேண்டும். உணவோடு நீர் பருகாமல் அரைமணி பொறுக்க வேண்டும். மருத்துவர் தரும் சத்து மாத்திரைகளை வாழ்நாள் முழுதும் விடலாகாது. நடையும் தசைப் பயிற்சியும் இல்லையேல், கொழுப்போடு தசையும் கரைந்துவிடும்.

ஆக, நஃப்ஸோடு அவர் நடத்தும் போராட்டம் அறுவையோடு முடிந்துவிடவில்லை. வயிற்றின் மூன்றிலொரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை. முழு வயிறு படைத்த நாம் அதனை எந்த அளவுக்குப் பேணினோம்? பேணாத நமக்கு, நோய்க்கு மருந்து தேடியவரை இகழ என்ன உரிமை உண்டு?

இன்னுமொன்று. அவருடைய கட்டுப்பாடு அவர் கையில் மட்டும் இல்லை. நம் கையிலும் இருக்கிறது. சஹனில் உடன் அமர்ந்தவர் கையை எடுத்துவிட்டால், “இன்னும் ஒரு கவளம்” என்று இறைச்சித் துண்டை அவர் பக்கம் நகர்த்துவது நம் வழக்கம். அது அன்புதான், ஐயமில்லை. ஆனால், நம் மனம் நோகக் கூடாதே என்று அவர் விழுங்கும் அந்த ஒரு கவளம், அவருக்கு நெஞ்சடைப்பாகவும் வாந்தியாகவும் முடியலாம். விருந்தாளியின் நலத்தைக் கெடுத்து நம் பெருமையைக் காத்துக்கொள்வது விருந்தோம்பல் ஆகுமா?

உடல் இறைவன் தந்த அமானிதம். ஒருவர் தம் அமானிதத்தைக் காக்க முயலும்போது, அதற்கு இடங்கொடுப்பது உடனிருப்போர் கடமை. அடுத்த விருந்தில் அவர் கையை எடுக்கும்போது நாம் வற்புறுத்தாதிருப்போம். இஷாத் தொழுகைக்குப் பின் தெருக்கோடி வரை அவரோடு சேர்ந்து நடப்போம். அந்நடை அவருக்கு மட்டுமன்று, நமக்கும் நலம் பயக்கும்.