கல்லாவுக்கு மேலே சாமி படம்

ஆன்மிகக் கேள்வி பதில்

*திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறேன். வெள்ளிக்கிழமை தவறாமல் கம்பெனியில் பூஜை, வருடம் தவறாமல் கணபதி ஹோமம், அமாவாசைக்கு அன்னதானம். ஆனாலும் ஆள் நிற்பதே இல்லை. டெய்லர் கிடைத்தால் செக்கிங்குக்கு ஆளில்லை. செக்கிங்குக்கு ஆள் வந்தால் அயர்ன் மாஸ்டர் சொல்லாமல் போய்விடுகிறார். வாஸ்து பார்த்தவர், வடகிழக்கு மூலையில் இருக்கும் தொழிலாளர் கழிப்பறைதான் காரணம், இடித்துவிடுங்கள் என்கிறார். இடிக்கலாமா?*
- ஒரு வாசகர், திருப்பூர்

இடிக்க வேண்டாம் ஐயா. முதலில் அதற்குள் ஒருமுறை போய்ப் பாருங்கள். குழாயில் தண்ணீர் வருகிறதா, கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா, பெண்கள் அங்கே போய்வர ஒவ்வொரு தடவையும் சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறதா என்று விசாரியுங்கள். ஆள் நிற்காததற்குப் பாதிக் காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

மீதிப் பாதி சனிக்கிழமை சாயங்காலம் தெரியும். உங்கள் ஊரில் அதுதானே சம்பள நாள்? பேசிய பீஸ் ரேட்டும் கைக்கு வரும் பணமும் ஒன்றாக இருக்கின்றனவா? ஒன்றரை ஷிப்ட் ஓட்டிய டெய்லருக்கு அந்த அரை ஷிப்டுக்கு என்ன கணக்கு? கூடுதல் நேர வேலைக்கு இரட்டைக் கூலி என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே சொல்லிவிட்டது. பி.எஃப். என்று பிடித்த பணம் அவர் பெயரில் கட்டப்பட்டதா?

அன்னதானம் பெரிய புண்ணியம்தான். வடலூரில் வள்ளலார் 1867-இல் தொடங்கிய தருமசாலையின் அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. ஆனால் தானம் வேறு, கடன் வேறு. உழைத்தவர் கூலி உங்கள் தலையில் நிற்கும் கடன். அதை நிறுத்திவைத்துவிட்டு அமாவாசைக்குச் சோறு போட்டால், அந்த அன்னதானத்தைச் செய்தவர் நீங்கள் இல்லை; கூலி குறைந்துபோன டெய்லர்தான். புண்ணியமும் அவர் கணக்கில்தான் ஏறும்.

திருவண்ணாமலையில் ரமணர் பல ஆண்டுகள் விடிவதற்கு முன்பே ஆசிரமச் சமையற்கட்டுக்கு வந்து உட்கார்ந்து காய் நறுக்குவார். பந்தியில் தம் இலையில் மட்டும் ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தால் பரிமாறியவரைக் கடிந்துகொள்வார். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். வாரத்துக்கு ஒரு நாள் உங்கள் ஆட்கள் சாப்பிடும் இடத்தில் உட்கார்ந்து, அவர்கள் குடிக்கும் டீயை அதே டம்ளரில் குடியுங்கள். வாஸ்துக்காரருக்கு எடுத்துவைத்த பணத்தில் அந்தக் கழிப்பறைக்கு டைல்ஸ் ஒட்டுங்கள்.

*சென்னையில் சாஃப்ட்வேர் நிறுவனம் ஒன்றில் மேனேஜர். தினமும் தியானம் செய்கிறேன். யாரையும் அதட்டியதே இல்லை. 'முடிந்தால் சனிக்கிழமை கொஞ்சம் வரமுடியுமா' என்று கெஞ்சித்தான் கேட்பேன். ஆனால் பெயர் போடாமல் எழுதும் கருத்துப் படிவத்தில், டீமில் பலர் என்னைப் பார்த்தால் பயம் என்று எழுதியிருக்கிறார்கள். எங்கே தவறு?*
- ஒரு வாசகர், சென்னை

வள்ளுவர் இதற்குப் பதில் எழுதிவைத்திருக்கிறார். 'கொடுங்கோன்மை' அதிகாரத்தில், கையில் செங்கோலோடு நிற்கும் அரசன் குடிகளிடம் ஒன்றைக் கேட்பதை, வேலோடு வழிமறிக்கும் கள்வன் 'கொடு' என்பதற்கு ஒப்பிடுகிறார். அரசன் எவ்வளவு பணிவாகக் கேட்கிறான் என்பது அங்கே பேச்சே இல்லை. அவன் கையில் என்ன இருக்கிறது என்பதுதான் பேச்சு.

உங்கள் கையில் செங்கோல் இல்லை, அப்ரைசல் இருக்கிறது. ரேட்டிங் போடுகிற ஒருவர் 'முடிந்தால் வாருங்கள்' என்றால், கேட்பவர் காதில் 'முடிந்தால்' விழாது. நீங்கள் கெஞ்சக் கெஞ்ச அவருக்குச் சங்கடம் கூடும். அதட்டினாலாவது மனசுக்குள் திட்டிவிட்டுப் போகலாம். கெஞ்சினால் அதற்கும் வழியில்லை.

அடுத்த முறை ஒருவர் 'வர இயலாது' என்று சொன்னதும் உங்கள் மனம் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். அவர் பெயரை ஒரு ஓரத்தில் குறித்துக்கொள்கிறதா? வந்தவரைப் பார்த்து 'நம்ம ஆளு' என்கிறதா? கண்ணை மூடி உட்காரும் தியானத்தைவிட இந்த ஒரு கணத்தைப் பார்ப்பது கடினமான சாதனை. வந்தவருக்கு அடுத்த வாரமே ஒரு நாள் விடுப்பு கொடுங்கள். வராதவரின் ரேட்டிங் அந்தக் காரணத்துக்காகக் குறையவில்லை என்பது டீமுக்கே தெரியும்படி நடந்துகொள்ளுங்கள். இரண்டு அப்ரைசல் தாண்டினால் பயம் தானாகக் கரையும்.

*மதுரையில் ஜவுளிக்கடையில் ஃப்ளோர் சூப்பர்வைசராக இருக்கிறேன். சட்டம் வந்த பிறகு முதலாளி ஸ்டூல் வாங்கிப் போட்டார். ஆனால் எங்கள் பெண்பிள்ளைகள் யாரும் உட்காருவதில்லை. காலையில் நின்றால் கடை மூடும்வரை நிற்கிறார்கள். நரம்பு சுருட்டிய காலைப் பார்க்க மனசு கஷ்டமாக இருக்கிறது. நானும் சம்பளக்காரன்தானே, இந்தப் பாவத்தில் எனக்குப் பங்கு உண்டா?*
- ஒரு வாசகர், மதுரை

2010-இல் 'அங்காடித் தெரு' படத்தைப் பார்த்துவிட்டுத் தியேட்டரில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தோம். கடையில் வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வர 2021 ஆகிவிட்டது. இப்போது சட்டமும் வந்துவிட்டது, ஸ்டூலும் வந்துவிட்டது. உட்காரத் தைரியம் மட்டும் வரவில்லை.

அந்தத் தைரியம் உங்களிடமிருந்துதான் வர வேண்டும் தம்பி. பெரியவர் எதைச் செய்கிறாரோ அதையே மற்றவர்களும் செய்கிறார்கள் என்று கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் கண்ணன் அர்ச்சுனனுக்குச் சொல்கிறான். உங்கள் ஃப்ளோருக்கு நீங்கள்தான் பெரியவர். கூட்டமில்லாத மதிய நேரத்தில் முதலில் நீங்கள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள். புடவை செக்‌ஷன் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு 'நீயும் உட்காரும்மா' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முதலாளி கேட்டால், 'கஸ்டமர் வந்ததும் எழுந்துவிடுவார்கள், கால் வலியில்லாமல் இருந்தால் சாயங்காலம் இன்னும் முகம் மலர்ந்து விற்பார்கள்' என்று சொல்லுங்கள். அதில் பொய் இல்லை.

பங்கு உண்டா என்று கேட்டீர்கள். பார்த்து மனம் வருந்தும்வரை இல்லை. செய்ய முடிந்ததைச் செய்யாமல் வருந்திக்கொண்டே இருந்தால் உண்டு.

*என் மேலதிகாரி தனியாகக் கூப்பிட்டு அருவருப்பாகப் பேசுகிறார். ராத்திரியில் மெசேஜ் அனுப்புகிறார். வீட்டில் சொன்னால், 'பொறுத்துப் போ, அவன் கர்மா அவனைப் பார்த்துக்கொள்ளும்' என்கிறார்கள். பொறுமைதான் பெரிய தவம் என்று படித்திருக்கிறேன். என்ன செய்வது?*
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

மகளே, பொறுமை என்பது திருப்பிக் கொடுக்க வலிமை இருப்பவர் கையாள வேண்டிய அறம். வேறு வழியில்லை என்று வாயை மூடிக்கொள்வதற்குப் பெயர் பயம். பயத்துக்குப் பூ வைத்துப் பொட்டு வைத்துத் தவம் என்று கும்பிட வேண்டாம்.

கண்ணகி கர்மா பார்த்துக்கொள்ளும் என்று வீட்டில் உட்காரவில்லை. ஒற்றைச் சிலம்பை எடுத்துக்கொண்டு நேரே அரசவைக்குப் போனாள். அழுதாள், சினந்தாள், கூடவே சாட்சியமும் வைத்தாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து, தன் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்று உடைத்துக் காட்டினாள். நீங்களும் அந்த மெசேஜ்களை அழிக்காமல் வையுங்கள். எந்த நாள், எத்தனை மணி, என்ன பேசினார் என்று எழுதி வையுங்கள்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராக 2013-இல் சட்டம் வந்திருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். அதற்குத் தலைவராக ஒரு பெண் இருக்க வேண்டும். வெளியிலிருந்து ஓர் உறுப்பினரும் இருக்க வேண்டும். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் வரை அவகாசம் தரலாம். சிறிய இடமாக இருந்தால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம்.

இதைப் படிக்கும் முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. பாண்டியன் நெடுஞ்செழியன் கெட்டவன் இல்லை. நெருங்கிய ஆள் சொன்னதை விசாரிக்காமல் நம்பினான், அவ்வளவுதான். அந்த ஒன்றுக்கு ஓர் உயிர் போயிற்று. 'அவர் இருபது வருஷமாக நம்மிடம் இருக்கிறார், அப்படிச் செய்ய மாட்டார்' என்று புகாரை ஓரம்கட்டுகிறவர்கள், பொற்கொல்லன் பேச்சைக் கேட்டவன் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

*எங்கள் கம்பெனியில் திங்கள்கிழமை காலை பஜனை. வராதவர்களை எச்.ஆர். கூப்பிட்டுக் கேட்கிறது. இது சரியா?*
- ஒரு வாசகி, பெங்களூரு

வருகைப் பதிவேடு வைத்த பிறகு அது பஜனை இல்லை அம்மா, இன்னொரு மீட்டிங். ஆயுத பூஜையில் பொரி கொடுக்கும்போது சந்தனம் வைத்துக்கொண்டவரா, குல்லா போட்டவரா, சிலுவை அணிந்தவரா, எதையும் நம்பாதவரா என்று பார்த்தா கொடுக்கிறோம்? வருகிறவர் வரட்டும், வராதவரை யாரும் கேட்க வேண்டாம் என்று விட்டால்தான் அங்கே சாமிக்கு வேலை.

*ஓசூரில் ஆட்டோ உதிரிபாகத் தொழிற்சாலையில் 28 வயதில் ஷிப்ட் இன்சார்ஜ் ஆகிவிட்டேன். எனக்குக் கீழே 50 வயதுக்காரர்கள். சொன்னால் கேட்பதில்லை. மரியாதையை எப்படி வாங்குவது?*
- ஒரு வாசகர், ஓசூர்

திருப்பூந்துருத்தியில் நடந்ததைச் சேக்கிழார் சொல்கிறார். சம்பந்தர் சிவிகையில் வருகிறார், வயதில் சிறுவர். முதியவரான நாவுக்கரசர் யாருக்கும் தெரியாமல் கூட்டத்தில் புகுந்து, சிவிகை தூக்குவோரில் ஒருவராகத் தோள் கொடுக்கிறார். 'அப்பர் எங்கே' என்று சம்பந்தர் கேட்க, கீழேயிருந்து குரல் வருகிறது. சம்பந்தர் பதறிக் குதித்து இறங்கி வணங்குகிறார், நாவுக்கரசரும் வணங்குகிறார்.

எல்லோரும் நாவுக்கரசரின் பணிவை வியப்பார்கள். உங்கள் நிலையில் இருப்பவர் பார்க்க வேண்டியது சம்பந்தரை. மேலே உட்கார்ந்திருந்தபோதும் அவர் தேடியது அந்தப் பெரியவரைத்தான். தூக்குவது யார் என்று தெரிந்ததும் ஒரு நொடிகூட மேலே இருக்கவில்லை.

மெஷின் சத்தத்தைக் கேட்டே பேரிங் போகப்போகிறது என்று சொல்லும் ஆபரேட்டர் உங்கள் லைனில் இருப்பார். ரிஜெக்‌ஷன் ஏறும்போது கம்ப்யூட்டருக்கு முன் அவரிடம் போய் 'அண்ணே, என்னவா இருக்கும்' என்று கேளுங்கள். அவர் சொன்னது சரியாக இருந்தால், மேனேஜர் முன்னால் அவர் பெயரைச் சொல்லுங்கள். ஒருநாள் அவர் உங்கள் முகத்துக்கு நேரே 'நீங்க சொன்னது தப்பு சார்' என்பார். சுருக்கென்று இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். காதுக்குக் கசக்கும் சொல்லைத் தாங்கும் அரசனின் நிழலில் உலகமே தங்கும் என்று 'இறைமாட்சி' அதிகாரம் சொல்கிறது. அவர் அப்படிச் சொல்லும் நாளில் உங்களுக்கு மரியாதை கிடைத்துவிட்டது என்று அர்த்தம். வேண்டாதவரிடம் யாரும் தப்பைச் சுட்டிக்காட்ட மெனக்கெட மாட்டார்கள்.

*ஒரு முதலாளி நாத்திகர், கணக்கில் நேர்மை. இன்னொருவர் பரம பக்தர், சம்பளத்தில் இழுத்தடிப்பு. இரண்டு இடத்திலும் வேலை வந்திருக்கிறது. பக்தன் நான், யாரிடம் சேர்வது?*
- ஒரு வாசகர், கும்பகோணம்

நாத்திகரிடம் சேருங்கள். ஒன்றாம் தேதி சம்பளம் வாங்கி, நிம்மதியாகக் கோயிலுக்குப் போங்கள். அவர் பெயருக்கும் ஓர் அர்ச்சனை செய்யுங்கள். அவரிடம் சொல்ல வேண்டாம்.